கேரட் கழுவும் தண்ணீருக்கு எண்ணெய்க் கிணற்று டிகாண்டர் வாங்கலாமா?

கேள்வி நீலகிரியின் கேத்தி பாலாடா பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இதுதான்: ஒரு விவசாயக் குழு கேரட் கழுவும் மையம் நடத்துகிறது. கழுவிய செந்நீர் ஓடையில் கலக்கிறது என்று கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் புகார் செய்கிறார்கள். மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் வெளியேறுகிறது. கோவையில் பழைய இயந்திரங்கள் விற்கும் ஒருவர், மும்பைக் கடலில் எண்ணெய் ரிக்கில், அதாவது கிணறு தோண்டும் மேடையில், ஓடிய 14 அங்குல உருளை கொண்ட டிகாண்டர் ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்கிறார். சேற்றுத் தண்ணீரை விட்டால் மண் ஒரு வழியாகவும் தெளிந்த நீர் இன்னொரு வழியாகவும் வந்துவிடுமாம். "ஐயா, நீங்கள் ரிக்கில் இருந்தவர் என்று கோத்தகிரியில் சொன்னார்கள். கடலில் இது என்ன வேலை செய்கிறது? எங்களுக்கு ஒத்துவருமா?"

தம்பி, ஒத்துவராது. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதைத்தான் அந்த இயந்திரம் செய்யும். ஆனால் கடலில் அதை வைத்திருப்பவர்கள் அது பிரித்துத் தள்ளும் மண்ணுக்காக வைத்திருப்பதில்லை. அது மிச்சம் பிடித்துக் கொடுக்கும் திரவத்துக்காக வைத்திருக்கிறார்கள். உங்கள் மையத்தில் மிச்சமாவது ஓடைத் தண்ணீர். கணக்கு அங்கேயே உதைக்கிறது. ஆனாலும் 'வேண்டாம்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அடுத்த மாதம் வேறொருவர் வேறோர் இயந்திரத்தோடு வந்து நிற்பார். ஆகவே கடலில் நடப்பதை முதலில் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கடலிலும் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும் இந்த இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் மலைக்கு வந்து சேர்ந்தேன்.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாய்க்குள் ஒரு திரவத்தை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அது அடியில் பாறையை வெட்டும் முனையான பிட்டின் துளைகள் வழியாகப் பீறிட்டு வெளியேறி, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் மேலேறித் திரும்பி வரும். ரிக்கில் இதை 'மட்' என்பார்கள். பார்வைக்கும் சேறுதான். ஆனால் அந்தச் சேறு இல்லாமல் ஓர் அடி இறங்க முடியாது. வெட்டிய கற்துகள்களை மேலே சுமந்து வருவது, பிட்டைக் குளிர வைப்பது, கிணற்றுச் சுவர் சரியாமல் தாங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலான வேலை, பூமிக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் திமிறிக்கொண்டு மேலே வராமல் தன் எடையால் அமுக்கி வைப்பது. மட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.25 மடங்கு என்றால், 3,000 மீட்டர் ஆழத்தில் அது தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 375 கிலோ. அடர்த்தி தேவைக்குக் குறைந்தால் கிணறு பொங்கும். கூடினால் பாறை விரிசல் விட்டு மட்டைக் குடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில கிணறுகளில் மிகக் குறுகலானது.

அந்த எடையைக் கொடுப்பது பாரைட் என்ற கனிமத் தூள். நம் நாட்டில் ஆந்திராவின் மங்கம்பேட்டையில் அது ஏராளமாகக் கிடைக்கிறது. உலக அளவில் பெயர்பெற்ற படிவு அது. தண்ணீரைவிட 4.2 மடங்கு கனமானது. அதோடு பிசுபிசுப்புக்கு பென்டோனைட் களிமண், பாலிமர்கள், களிப்பாறை ஊறி உப்பாமலிருக்கப் பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மளிகைப் பட்டியலே சேரும். தண்ணீர் அடிப்படையிலான மட்டே விலை உயர்ந்தது. செயற்கை எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மட் என்றால் அதைப்போலப் பல மடங்கு. இத்தனையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். மும்பை ஹை எண்ணெய் வயல் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் ரிக்கின் அருகே அண்ட முடியாது. தொட்டியில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். 12¼ அங்குல அகலத்தில் தோண்டும் கிணற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் 76 லிட்டர் பாறை நொறுங்கி வெளியே வருகிறது. ஆயிரம் மீட்டருக்கு 76 கன மீட்டர். பெருந்துகள்கள் தொல்லையில்லை, சல்லடையில் நின்றுவிடும். பொடிதான் எமன். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கல் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 மைக்ரான் துகள்களாக உடைத்தால் 6,000 (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு மைக்ரானாக உடைத்தால் 60,000 சதுர சென்டிமீட்டர். கல் அதே கல், எடையும் அதே எடை. ஆனால் நனைக்க வேண்டிய பரப்பு பத்தாயிரம் மடங்கு. மட்டிலுள்ள தண்ணீரையும் விலை கொடுத்துச் சேர்த்த ரசாயனங்களையும் அந்தப் பரப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. மட் கெட்டியாகிறது, பம்ப் திணறுகிறது, தோண்டும் வேகம் குறைகிறது, கிணற்றுச் சுவரில் தடித்த படிவு உண்டாகிக் குழாய் ஒட்டிக்கொள்கிறது. மோசமானது என்னவென்றால், இன்று எடுக்காமல் விட்ட 30 மைக்ரான் துகள் மறுபடி கிணற்றுக்குள் போய் அரைபட்டு நாளை 10 மைக்ரானாக வரும். அப்புறம் அதைப் பிடிப்பது இன்னும் கடினம்.

எடுக்க முடியாவிட்டால் நீர்த்துப்போகச் செய்வதுதான் வழி. இந்தக் கணக்கைத்தான் ரிக்குக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். கல்பொடி 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கல்பொடியை உள்ளேயே விட்டுவிட்டால், அதை 5 சதவீதமாக வைத்திருக்க மொத்தம் 20 கன மீட்டர் வேண்டும். அதாவது 19 கன மீட்டர் புது மட் கலக்க வேண்டும். அத்தனைக்கும் தொட்டியில் இடம் கிடையாது. மிஞ்சியதைக் கடலில் கொட்டவும் விதிகள் குறுக்கே நிற்கும். டிகாண்டர் வாடகைக்கு ரிக் நிர்வாகம் கையெழுத்துப் போடுவது இந்தப் பத்தொன்பதைப் பார்த்துத்தான்.

கிணற்றிலிருந்து வரும் மட் நேராக டிகாண்டருக்குப் போவதில்லை. முதலில் ஷேல் ஷேக்கர் எனும் அதிரும் சல்லடை. மிக நுண்ணிய வலை போட்டால் 74 மைக்ரான் வரை பிடிக்கும். மட்டின் மொத்த ஓட்டமும் முதலில் கடந்து போவது இதைத்தான். ஷேக்கர் சரியில்லை என்றால் பின்னால் நிற்கும் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. அடுத்து, எடையேற்றாத, அதாவது பாரைட் சேர்க்காத மட்டாக இருந்தால், டிசாண்டரும் டிசில்டரும். கூம்பு வடிவக் குழாய்களுக்குள் மட்டைச் சுழலவிட்டு, முன்னது 40 மைக்ரானுக்கு மேற்பட்டதையும் பின்னது 20 மைக்ரான் வரையிலும் தள்ளிவிடும். கடைசியில் டிகாண்டர். அதன் எல்லை 5 மைக்ரானை ஒட்டி. நல்ல நாளில், மட் இளகலாக இருந்தால், 2 மைக்ரான். அதற்குக் கீழே உள்ளதை மருந்து சேர்த்துத் திரட்டினால் ஒழிய அதுவும் பிடிக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12¼ அங்குலக் கிணற்றில் நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு மேல் மட் சுற்றிக்கொண்டிருக்கும். எடையேற்றிய மட்டில் 14 அங்குல டிகாண்டர் ஏற்பது நிமிடத்துக்கு நாற்பதிலிருந்து நூற்றைம்பது லிட்டர். ஓட்டத்தில் ஒரு சிறு கீற்றை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. மணிக்கணக்கில் ஓடும்போது அந்தக் கீற்றுகள் கூடித்தான் பலன் தெரியும்.

இயந்திரத்துக்குள் பார்ப்போம். படுக்கைவாட்டில் ஓர் எஃகு உருளை. ஒரு பாதி நேராகவும் மறுபாதி கூம்பாகக் குறுகியும் இருக்கும். உருளைக்குள் அதே வடிவில் ஒரு திருகு. இரண்டும் ஒரே திசையில் சுழலும். ஆனால் கியர்பெட்டி திருகை உருளையைவிடச் சில பத்துச் சுற்றுகள் மட்டும் வித்தியாசப்படுத்தி ஓட்டும். மட் நடுக்குழாய் வழியாக உள்ளே விழுந்தவுடன் உருளையின் சுவரோடு ஒட்டி ஒரு வளையக் குளமாகச் சுழலத் தொடங்கும். கனமான துகள் சுவரில் போய்ப் படியும். அந்தச் சின்ன வேக வித்தியாசம்தான் திருகுக்குப் படிவை வழிக்க நேரம் கொடுக்கிறது. அது படிவைக் குளத்திலிருந்து கூம்பின் சரிவில் ஏற்றிக் கொண்டுபோய், குறுகிய முனையிலுள்ள வாய்கள் வழியாக வெளியே வீசும். தெளிந்த திரவம் அகன்ற முனையிலுள்ள தடுப்புத் தகடுகளைத் தாண்டி வழியும். தகட்டை உயர்த்தினால் குளம் ஆழமாகும், திரவம் தெளியும், மண் ஈரமாக வரும், தாழ்த்தினால் தலைகீழ். பால் சொசைட்டியில் கிரீம் பிரிக்கிறார்களே, அதே நியாயம்தான். ஆனால் பாலில் திருகு தேவையில்லை. இங்கே மண்ணை வெளியே தள்ள ஆள் வேண்டும்.

வேகத்தைப் பற்றி விற்பவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். 14 அங்குல உருளை நிமிடத்துக்கு 3,200 சுற்றுச் சுற்றினால், சுவரில் ஒட்டும் துகள் மீது புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு விசை விழும். 1,900 சுற்றில் அது 700 மடங்குதான். விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் இந்த வித்தியாசம். அப்படியானால் எப்போதும் முழு வேகத்தில் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் பாரைட் குறுக்கே வருகிறது, இந்தத் தொழிலின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது.

டிகாண்டருக்குக் கனிமம் தெரியாது. எந்தத் துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தைப் பொறுத்தது. திரவத்தின் பிசுபிசுப்பு கூடினால் வேகம் குறையும். பாரைட்டின் அடர்த்தி 4.2, கல்பொடியின் அடர்த்தி சுமார் 2.6. கணக்குப் போட்டால், 10 மைக்ரான் பாரைட்டும் ஏறத்தாழ 15 மைக்ரான் கல்பொடியும் ஒரே வேகத்தில் படியும். முழு வேகத்தில் ஓட்டினால் கல்பொடியோடு சேர்த்து, மங்கம்பேட்டையிலிருந்து காசு கொடுத்து வரவழைத்த பாரைட்டையும் கடலில் வீசிக்கொண்டிருப்பீர்கள். அதனால் எடையேற்றிய மட்டுக்கு இரண்டு இயந்திரங்கள் வைப்பார்கள். முதலாவது மெதுவாக, 500 முதல் 700 மடங்கு விசையில் ஓடும். அதில் மண் வாயில் வருவது பெரும்பாலும் பாரைட். அதைத் திரும்ப மட் தொட்டியிலேயே சேர்ப்பார்கள். வழிந்துவரும் திரவத்தில் கல்பொடியின் நுண்துகள்கள் இருக்கும். அது இரண்டாம் இயந்திரத்துக்குப் போகும். அங்கே 2,000 மடங்கு விசை. இப்போது மண் வாயில் வருவதைத் தள்ளிவிட்டு, திரவத்தைத் தொட்டிக்கு அனுப்புவார்கள். 'சுத்தம் செய்யும் இயந்திரம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் முதல் இயந்திரத்தில் மண்ணை வைத்துக்கொண்டு திரவத்தை அனுப்பிவிடுகிறோம், இரண்டாவதில் திரவத்தை வைத்துக்கொண்டு மண்ணைத் தள்ளுகிறோம். எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யாமல் டிகாண்டரின் வேகத்தை முடிவு செய்ய முடியாது.

தண்ணீர் அடிப்படை மட்டில் அந்த இரண்டாம் இயந்திரம் பெரிய லாபம் தராது. வழியும் திரவத்தின் விலை குறைவு. பல நேரம் அதை அப்படியே வெளியேற்றிவிட்டுப் புதிதாகக் கலப்பதே மலிவு. செயற்கை எண்ணெய் மட்டில் கதை மாறிவிடும். அங்கே ஒவ்வொரு லிட்டரும் பணம். போதாததற்கு, கற்துகளில் ஒட்டிக்கொண்டு போகும் எண்ணெய்க்கும் வரம்பு உண்டு. வட கடலில் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் எண்ணெய் ஒட்டிய துகளைக் கடலில் போடவே கூடாது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு வந்த விதிப்படி டீசல் மட்டுக்கு இடமே இல்லை. கடலில் விடும் மட், 96 மணி நேர நச்சுச் சோதனையில் சோதனை உயிரினங்களில் பாதி சாக லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் அளவுக்கு மென்மையானதாக இருக்க வேண்டும். கலக்கும் பாரைட்டில் பாதரசம் கிலோவுக்கு 1 மில்லிகிராமையும் காட்மியம் 3 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கற்துகளைக் கொட்டினால் கடல் உயிர்களுக்கும் கரைக்கும் கேடு வரக் கூடாது, வந்தால் துகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஷேக்கரில் நின்ற துகள்களை நிமிர்ந்து சுழலும் ஒரு சல்லடைக் கூடையில் போட்டு எண்ணெயைப் பிழிவார்கள். பிழிந்த எண்ணெயில் நுண்பொடி நிறைய இருக்கும். அதை அப்படியே தொட்டியில் விட்டால் மட் பாழ். அதைத் தெளிய வைப்பதும் டிகாண்டரின் வேலைதான். உங்களுக்கு வந்திருக்கும் இயந்திரம் இந்த வேலையில் இருந்ததா என்று கேட்பது முக்கியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஓட்டுவது கடினமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். உருளை முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் மட்டைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் மட்டை மூட வேண்டும், பிறகு தண்ணீரோ அடிப்படை எண்ணெயோ விட்டு, இரு வாய்களிலும் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், அதன் பிறகே மோட்டார். மின்சாரத்தை அணைத்த பின்னும் உருளை நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். முழுதாக நின்று அடங்கும் முன் மூடியைத் தொட்டவர் கை போகும்.

மேற்குக் கடலில் ஒரு ரிக். ஷிப்ட் மாறும் நேரம். மேல் தளத்தில் கிரேன் சரக்கு தூக்க வேண்டும் என்று எல்லோரையும் விலகச் சொன்னார்கள். உதவியாளர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டார், அலசவில்லை. உருளை நின்றதும் சுவரில் வளையமாக இருந்த பாரைட் முழுவதும் அடிப்பக்கம் சரிந்து இறுகிவிட்டது. அடுத்த ஷிப்ட் வந்து கிளப்பியபோது, சில நூறு சுற்றுகள்கூட எட்டாத நிலையில் தளமே அதிர்ந்தது. அதிர்வுப் பாதுகாப்பு மின்சாரத்தைத் துண்டித்தது. மூடியைக் கழற்றி, உருளையைக் கையால் ஒரு கால் சுற்றுத் திருப்புவது, தண்ணீர் விடுவது, மறுபடி கால் சுற்று, மறுபடி தண்ணீர். திருகு நகர மறுத்தது. விடியும்வரை அதே வேலை. அந்த இரவு முழுவதும் கிணறு தோண்டப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. காலையில் மட் இன்ஜினீயர் புனலில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் 26 விநாடியில் இறங்கும் அந்தப் புனலில், முந்தைய நாள் 50 விநாடியை ஒட்டி இறங்கிய மட் இப்போது சொட்டுச் சொட்டாக வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் புனலை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். ஒரு திட்டு வாங்கியிருந்தால் தேவலை.

இயந்திரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, வெறுமனே சத்தம் போடுகிறதா என்பதை அறிய ஒரு தராசு போதும். உள்ளே போகும் மட், வழியும் திரவம், மண் வாயில் வருவது, மூன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பாரைட் மீட்பில் உள்ளே 1.55 அடர்த்தியில் போனது, 1.2க்குக் கீழே திரவமாக வழிந்து, 2.3க்கு மேல் சாம்பல் நிறக் களியாகக் கனத்து விழுந்தால் நல்ல ஓட்டம். வழியும் திரவத்தின் அடர்த்தி உள்ளே போகும் மட்டை நெருங்க ஆரம்பித்தால், ஒன்று அதிகம் ஊட்டுகிறீர்கள், இல்லையென்றால் மட் அளவுக்கு மீறிக் கெட்டி. கெட்டியென்றால் ஊட்டும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இளக்க வேண்டும். புதியவர்கள் பலரும் வேகத்தைத்தான் கூட்டப் பார்ப்பார்கள். இளக்கினால் கிடைக்கும் பலன் வேகத்தில் கிடைக்காது.

இனி கேத்திக்கு வருகிறேன்.

உங்கள் மணிக்குப் பத்தாயிரம் லிட்டரை அந்த இயந்திரம் ஏற்கும். எடையேற்றிய மட்டோடு ஒப்பிட்டால் கழுவிய நீர் மிகவும் இளகல். கொள்ளளவில் சிக்கல் இருக்காது. மணலும் வண்டலும் நிச்சயம் பிரிந்து வரும். ஆனால் ஓடையைச் சிவப்பாக்குவது மணல் அல்ல. நம் மலையின் செம்மண்ணிலுள்ள, இரும்புச் சத்து ஏறிய நுண்களிமண்தான் நிறத்தைத் தருகிறது. அதில் 2 மைக்ரானுக்குக் கீழ் இருப்பது டிகாண்டரையும் தாண்டி வழியும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, கீழ் ஊர்க்காரர் முன்னால் இன்னும் சிவப்பாகவே ஓடும் தண்ணீரைக் காட்ட வேண்டி வரும். மருந்து போட்டுக் களிமண்ணைத் திரட்டினால் டிகாண்டர் பிடிக்கும், உண்மை. ஆனால் மருந்து போட்டுத் திரட்டிய களிமண் வெறும் தொட்டியிலேயே படிந்துவிடுமே, டிகாண்டர் எதற்கு?

இன்னும் சில உண்டு. ரிக்குகள் பலவற்றில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் வாரியம் தருவது 50. 60க்கான மோட்டாரை நேராக இங்கே இணைத்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகும். விசையோ வேகத்தின் வர்க்கம் என்பதால் 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். 2,000 மடங்கு என்று சொல்லி விற்றது 1,400 மடங்கில் ஓடும். மோட்டார் 30 கிலோவாட்டுக்குக் குறையாது. முழுச் சுமையில் ஆறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 180 யூனிட்டுக்கு மேல் போகும், பம்ப் தனி. கேரட்டின் சல்லிவேரும் இலைக்காம்பும் ஊட்டும் குழாயை அடைக்கும். செயற்கை எண்ணெய் மட்டில் ஓடிய இயந்திரம் என்றால், உள்மூலைகளில் அந்த எண்ணெய் இருக்கும். உணவுப் பொருள் கழுவும் இடத்தில், ஓடையில் போய்ச் சேரும் தண்ணீரில், அதை நான் அனுமதிக்க மாட்டேன். முன்னால் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இயந்திரம் இல்லாமல் என்ன செய்யலாம்? அதே படியும் வேகத்தை வைத்தே கணக்குப் போடலாம். 15 டிகிரி நீரில் 20 மைக்ரான் மண் துகள் மணிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் இறங்கும். மணிக்கு 10 கன மீட்டர் நீருக்கு, ஏட்டளவில் 9 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி போதும். நிஜத்தில் நீர் சுழலும், குறுக்கு வழியில் ஓடும். அதனால் இரு மடங்காக, 20 சதுர மீட்டர் என்று வையுங்கள். மூன்று தொட்டிகளாகப் பிரித்து, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்று மெதுவாக வழியவிட்டால் போதும். ஆனால் 2 மைக்ரான் துகளுக்கு இதேபோல நூறு மடங்கு பரப்பு வேண்டும். ஏட்டளவிலேயே 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். கேத்திப் பள்ளத்தாக்கில் சமமாக 22 சென்ட் கிடைத்தால் அதில் தொட்டியா கட்டுவார்கள், கேரட் போட மாட்டார்களா? குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 10 டிகிரி நீர் 25 டிகிரி நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பானது. மண் அந்த அளவுக்கு மெதுவாகவே படியும். கிணற்றிலிருந்து சூடாக வரும் மட்டைப் பிரிக்கும் எங்களுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம்.

ஆகவே மூன்றாம் தொட்டிக்கு முன்னால் படிகாரம். எவ்வளவு என்பதை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் தண்ணீரிடம் கேளுங்கள். ஒரே மாதிரியான ஐந்தாறு கண்ணாடி பாட்டில்களில் கழுவிய நீரை எடுத்து, படிகாரக் கரைசலை அளவு மாற்றி மாற்றி விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு கொஞ்ச நேரம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி வையுங்கள். தெளிவு தரும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. மழைக்காலத்தில் மறுபடி சோதியுங்கள். படிகாரம் நீரைப் புளிப்பாக்கும், நம் மண் ஏற்கெனவே புளித்த மண். கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டியிருக்கும். தெளிந்த நீரை ஓடையில் விடாமல், முதல் கழுவலுக்கே திருப்பிக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் புது நீர். இதனால் வெளியேறும் அளவே சரிபாதிக்கும் கீழே வர வாய்ப்புண்டு.

தொட்டியில் சேரும் வண்டலைத் தோட்டத்தில் போடலாம் என்று உடனே தோன்றும். அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். நீலகிரியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் கண்டறியப்பட்டது. அதனால்தான் 1971 முதல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை. அந்தப் புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் மையத்துக்குப் பல ஊர்த் தோட்டங்களின் கேரட் வருகிறது, கூடவே அந்த மண்ணும் வருகிறது. ஒரு தோட்டத்துப் புழுவை எல்லாத் தோட்டத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததாகிவிடும். முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வண்டலைக் காட்டிக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை சாலையோரச் சரிவுக்கோ மரம் நடும் இடத்துக்கோ பயன்படுத்தலாம், உருளை போடும் நிலத்துக்கு வேண்டாம். தொட்டியின் வடிவமைப்புக்கு ஊட்டியிலேயே மண், நீர் வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மலைச்சரிவில் மண் எப்படி ஓடும், எங்கே நிற்கும் என்பதைப் பார்ப்பதே அவர்கள் வேலை.

இத்தனைக்குப் பிறகும் குழுவில் யாராவது கோவைக்குப் போய் இயந்திரத்தைப் பார்த்தே தீருவேன் என்றால் போகட்டும், தடுக்க வேண்டாம். பெயர்ப்பலகையில் ஹெர்ட்ஸ் என்னவென்று குறித்து வரட்டும். மூடியைத் திறக்கச் சொல்லி உருளையைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். ஒரு சுற்றில் எங்காவது தயங்கினால் உள்ளே பழைய மட் இறுகியிருக்கிறது. மண் வெளியேறும் வாய்கள் வழியாக டார்ச் அடித்தால் திருகின் ஓரம் தெரியும். அதில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு வில்லைகள் தேய்ந்தோ உதிர்ந்தோ இருந்தால், அவற்றை மாற்றும் செலவு இயந்திரத்தின் விலையோடு போட்டி போடும். வில்லைகள் முழுசாக இருந்து, மோட்டாரும் 50 ஹெர்ட்ஸாக இருந்துவிட்டால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் யாரிடமாவது சொல்லுங்கள். அங்கே கசடைப் பிழிய இதே மாதிரி இயந்திரம்தான் ஓடுகிறது. எண்ணெய் நாற்றத்துக்கும் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.